கரண்ட் வைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் கண்டிப்பாக ஒரு போஸ்டர் இருக்கும். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று. மலத்தில் ரத்தம் வந்தால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே பெயர்தான், மூலம். முக்கால்வாசி நேரம் அது மூலமாகவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி நினைத்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று லேகியம் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் ஸ்கோப் போட்டுப் பார்க்கும்போது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிய வருபவர்களும் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் வரும் வியாதி. வியாதியைப் பற்றியே பேசாதவர்கள் அதன் சிகிச்சையைப் பற்றி எங்கே பேசப் போகிறார்கள்?

அந்த சிகிச்சையில் ஒரு பகுதிதான் கதிர்வீச்சு. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இதற்குப் பெயர் 'கரண்ட் வைப்பது'. இதை மேம்படுத்துவது என்றால் உடனே மனதில் வருவது மெஷின். புதுசாக, பெரிதாக, கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும்.

ஆனால் மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை கடந்த 30 வருடங்களில் வந்த பெரிய முன்னேற்றங்களில் பாதிக்கு மேல் மெஷினால் வந்தவை அல்ல. கதிரை எப்போது கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, எல்லாவற்றையும் விட முக்கியமாக யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்ற மூன்று கேள்விகளால் வந்தவை. இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பதுதான் இன்று மிகப் பெரிய மேம்பாடு. அது ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

எதற்காகக் கதிர்?

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். அது இருப்பது இடுப்பெலும்புக்கு நடுவே, புனல் மாதிரி குறுகிப் போகும் ஒரு இடத்தில். முன்னால் சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட், பெண்களுக்குக் கர்ப்பப்பை. பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதி. சுற்றிலும் நரம்புகள். வயிற்றில் கட்டி வந்தால் தாராளமாகச் சுற்றி வெட்டி எடுக்கலாம். இங்கே அப்படி முடியாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் கட்டி அதே இடத்தில் மறுபடியும் வளரும். அப்படி வளர்வது மிகக் கொடுமையான வலி. நரம்பையும் எலும்பையும் அழுத்திக்கொண்டு வளரும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. இந்த மறுவளர்ச்சியைத் தடுப்பதுதான் கதிரின் முதல் வேலை.

வரவுப் பக்கம்

1997ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. 1168 நோயாளிகள். பாதிப் பேருக்கு நேரே ஆபரேஷன். மீதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் தினம் 5 கிரே வீதம் 5 நாள் கதிர், மொத்தம் 25 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). 5 வருடம் கழித்துப் பார்த்தால், கதிர் பெறாதவர்களில் 100க்கு 27 பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பி வந்திருந்தது. கதிர் பெற்றவர்களில் 11 பேருக்குத்தான். உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். ஒரு வாரக் கதிருக்கு இது பெரிய லாபம்.

2004ல் ஜெர்மனி அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னது. கதிரும் கீமோவும் ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா? முன்பே கொடுத்தால் 5 வருடத்தில் கட்டி திரும்புவது 6 சதவீதம், பின்னால் கொடுத்தால் 13 சதவீதம். கடுமையான உடனடிப் பக்கவிளைவும் 40 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாகக் குறைந்தது. கவனியுங்கள், கொடுத்தது அநேகமாக அதே சிகிச்சைதான், வரிசையை மட்டும் மாற்றினார்கள். புது மெஷின் எதுவும் இல்லை.

பற்றுப் பக்கம்

இதற்கிடையில் கத்தி பிடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் என்ற அறுவை நிபுணர் 1982லேயே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். மலக்குடலை மட்டும் எடுத்தால் போதாது, அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையையும் கிழியாமல் ஒரு பொட்டலமாக எடுக்க வேண்டும் என்பதுதான் அது. டி.எம்.இ என்று அழைக்கப்படும் இந்த முறை பரவியபோது, கதிர் இல்லாமலே கட்டி திரும்பி வருவது நன்றாகக் குறைந்தது.

அப்படியானால் நல்ல ஆபரேஷன் செய்யும் இடத்தில் கதிர் எவ்வளவு உதவும்? நெதர்லாந்தில் 1861 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். முதல் முடிவு 2001ல் வந்தது, நீண்டகால முடிவு 2011ல் வந்தது. 10 வருடக் கணக்கு இப்படி: டி.எம்.இ மட்டும் செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது. 5 நாள் கதிரும் சேர்ந்தவர்களில் 5 சதவீதம் பேருக்கு. சரி, பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் உயிரோடு இருந்தவர்கள்? ஒரு பக்கம் 48 சதவீதம், இன்னொரு பக்கம் 49 சதவீதம். ஒன்றுமே மாறவில்லை.

இந்த எண்களை 100 பேராக வைத்துப் பாருங்கள். 100 பேருக்கும் கதிர் கொடுத்தோம். 5 பேருக்குக் கொடுத்தும் திரும்பி வந்தது. 89 பேருக்குக் கொடுக்காவிட்டாலும் திரும்பியிருக்காது. மிச்சம் 6 பேர். அந்த 6 பேருக்காகத்தான் 100 பேரும் மெஷினுக்கு அடியில் படுத்தார்கள்.

6 பேர் சின்ன எண்ணிக்கை இல்லை. அந்த வலியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் இல்லையா? பிரச்னையே இங்கேதான். வரவை மட்டும் பல வருடங்களாக அழகாக எழுதி வந்தார்கள். பற்றை எழுதவே ஆளில்லை.

கதிர் கட்டியை மட்டும் தொடுவதில்லை. குடல் விறைத்துப் போகிறது, சுருக்கு தசை பலவீனமாகிறது. மலக்குடல் என்பது சேமித்து வைக்கும் பை. அதையும் வெட்டி, அந்த இடத்தில் கதிரும் பட்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓட வேண்டியிருக்கும். வாயு எது, மலம் எது என்று தெரியாது. போய்விட்டு வந்த அரை மணியில் மறுபடியும் போக வேண்டும். அடக்க முடியாது. 2012ல் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை அளக்க வெறும் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள், பெயர் லார்ஸ் ஸ்கோர். மொத்தம் 42 புள்ளிகள். 30 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான பாதிப்பு என்று அர்த்தம்.

நெதர்லாந்து ஆய்வில் கலந்துகொண்டு 14 வருடம் கழித்தும் நலமாக இருந்தவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதிப்பு. கதிரும் பெற்றவர்களில் 56 சதவீதம். 14 வருடம் கழித்து! புற்றுநோய் போய்விட்டது, செக்கப்பில் எல்லாம் நார்மல், ஆனால் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. ஆஸ்பத்திரி ரிக்கார்டில் அவர் 'குணமடைந்தவர்'.

இதோடு முடியவில்லை. ஆண்களுக்குப் பாலியல் பலவீனம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, இடுப்பில் படும் கதிர் சினைப்பையைச் செயலிழக்கச் செய்து சீக்கிரமே மாதவிடாயை நிறுத்திவிடும். குழந்தை பெறும் வாய்ப்பு போய்விடும். இந்தியாவில் நாற்பது வயதுக்குக் கீழே மலக்குடல் புற்றுநோயோடு வருபவர்கள் அபூர்வம் இல்லை என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

கூட்டிப் பார்த்தார்கள்

கதிரை மேம்படுத்த எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இன்னும் கொஞ்சம் சேர்ப்பது. கதிரோடு ஏற்கனவே ஒரு கீமோ மருந்து கொடுக்கிறார்கள். இரண்டாவதாக ஆக்சாலிபிளாட்டினையும் சேர்த்தால்? இத்தாலியில் 747 பேரை வைத்துச் செய்த ஸ்டார்-01 ஆய்வின் முதல் முடிவு 2011ல் வந்தது. கட்டி முழுவதும் கரைந்து போனவர்கள் இரண்டு குழுவிலும் 16 சதவீதம்தான். கடுமையான பக்கவிளைவு மட்டும் 8 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக ஏறியது. லாபம் பூஜ்யம், செலவு மூன்று மடங்கு. எந்தக் கம்பெனி ஆடிட்டரும் அந்தப் பிரிவை இழுத்து மூடச் சொல்லிவிடுவார்.

கழித்துப் பார்த்தார்கள்

அதனால் சிலர் எதிர்த்திசையில் யோசித்தார்கள். அந்த 89 பேரை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முதலில் உதவியது எம்.ஆர்.ஐ ஸ்கேன். மலக்குடலைச் சுற்றிய உறையைக் கட்டி தொடுகிறதா, அதற்கும் உறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஆபரேஷனுக்கு முன்பே ஓரளவு துல்லியமாகப் பார்த்துவிடலாம். இடைவெளி தாராளமாக இருந்தால் ஆபத்து குறைவு.

அடுத்து 2023ல் வெளியான அமெரிக்காவின் ப்ராஸ்பெக்ட் ஆய்வு. டெபோரா ஷ்ராக் தலைமையில் 1128 பேர். நடுத்தர அபாயம் உள்ளவர்கள், ஆசனவாயைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்யக்கூடியவர்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போலக் கதிரும் கீமோவும். இன்னொரு குழுவுக்கு முதலில் கீமோ மட்டும், கட்டி போதிய அளவு சுருங்காவிட்டால்தான் கதிர். இந்த இரண்டாவது குழுவில் ஆபரேஷனுக்கு முன் கதிர் தேவைப்பட்டவர்கள் 9 சதவீதம் பேர் மட்டுமே! 5 வருடத்தில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் கீமோ குழுவில் 80.8 சதவீதம், கதிர்க் குழுவில் 78.6 சதவீதம். கட்டி அதே இடத்தில் திரும்பியது இரண்டு பக்கமும் 2 சதவீதத்துக்கும் குறைவு. கீமோவுக்கும் விலை உண்டு, கை கால் மரத்துப் போகும், வாந்தி வரும். ஆனால் குழந்தை பெற நினைக்கும் 30 வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டு விலையும் ஒன்றா? அதை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டிகள். மலக்குடல் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு இந்த வகை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இவர்களுக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 2022ல் முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 2025ல் வெளியான முடிவில் சிகிச்சையை முடித்த 49 பேருக்கும் அப்படியே. கதிரும் இல்லை, கத்தியும் இல்லை. அந்த மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதுதான். ஆனால் இந்த வகை என்று கண்டுபிடிக்கும் டெஸ்ட், ஏற்கனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே செய்யக்கூடியது. அதைக் கூடப் பார்க்காமல் நேரே கரண்ட் வைக்க அனுப்புவது நியாயம் இல்லை.

கதிரே போதும் என்றால்?

கழித்தல் என்பது கதிரை மட்டும் கழிப்பது இல்லை. சிலருக்குக் கதிரை வைத்துக்கொண்டு ஆபரேஷனைக் கழிக்கலாம்.

பிரேசிலின் சாவோ பாலோவில் ஆஞ்சலிட்டா ஹபர்-காமா என்ற பெண் மருத்துவர் 2004ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கதிரும் கீமோவும் பெற்ற 265 பேரில் 71 பேருக்குக் கட்டி கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாமல் மறைந்திருந்தது. அவர்களை வெட்டாமல், கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உலகமே சந்தேகமாகப் பார்த்தது. 2018ல் பல நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட 880 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, 2 வருடத்தில் சுமார் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. 2022ல் வந்த ஓப்ரா ஆய்வில், கதிரும் முழு கீமோவும் பெற்றவர்களில் சுமார் பாதிப் பேர் 3 வருடம் கழித்தும் தங்கள் மலக்குடலோடு இருந்தார்கள். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பவருக்கு ஆபரேஷன் என்றால் வயிற்றில் நிரந்தரமாகப் பை. அவருக்குக் கதிர்தான் பையிலிருந்து தப்பிக்கும் வழி. ஆக, கதிர் நல்லதா கெட்டதா என்று கேட்பதே தப்பு. எதற்குப் பதிலாக, யாருக்கு என்பதுதான் கேள்வி.

5 நாளா, 5 வாரமா?

கதிர் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் அடுத்து வருவது நாட்கள். தினம் கொஞ்சமாக 25 முதல் 28 தடவை கொடுக்கலாம், அது ஐந்தரை வாரம் வரை போகும். அல்லது ஸ்வீடன் மாதிரி 5 நாளில் முடிக்கலாம். 2006ல் வந்த போலந்து ஆய்வில் 312 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். உயிர் பிழைப்பதிலோ கட்டி திரும்புவதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடுமையான உடனடிப் பக்கவிளைவு 5 நாள் முறையில் 3 சதவீதம், நீண்ட முறையில் 18 சதவீதம். 2020ல் கொரோனா வந்தபோது பல நாட்டு நிபுணர்களும் 5 நாள் முறையையே பரிந்துரைத்தார்கள்.

ஐரோப்பாவில் இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். தமிழ்நாட்டில் இது சோறு சம்பந்தப்பட்ட விஷயம். கதிர் மெஷின்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி ஐந்தரை வாரம் சென்னையில் தங்க வேண்டும் என்றால், அவர் கூலி போனது, கூட வந்த மனைவியின் கூலி போனது, லாட்ஜ் வாடகை, சாப்பாடு. கதிருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வாடகைக்கு இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிற நோயாளியை எந்த நவீன மெஷினும் காப்பாற்றாது.

அதற்காக 5 நாள் முறை எல்லோருக்கும் ஏற்றது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2021ல் வந்த ராபிடோ ஆய்வில் 5 நாள் கதிர், பிறகு முழு கீமோ, பிறகு ஆபரேஷன் என்று செய்தார்கள். கட்டி முழுவதும் கரைந்தது 28 சதவீதம் பேருக்கு, வழக்கமான முறையில் 14 சதவீதம்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் 5 வருடத் தொடர் கண்காணிப்பில், இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது 5 நாள் குழுவில் சுமார் 10 சதவீதம், மற்றதில் சுமார் 6 சதவீதம். கைதட்டலுக்குப் பிறகும் கணக்கை மூடாமல் வைத்திருந்ததால்தான் இது தெரிய வந்தது.

அப்போ மெஷின் வேண்டாமா?

வேண்டும். சிறுகுடலைத் தவிர்த்துக் கதிரை வளைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி முறை நல்ல விஷயம். பிரான்சை மையமாகக் கொண்டு நடந்து 2023ல் வெளியான ஓபரா ஆய்வில், ஆசனவாய் வழியாகவே சிறிய எக்ஸ்ரே குழாயைச் செலுத்திக் கட்டியின் மேல் நேரடியாகக் கூடுதல் கதிர் கொடுத்தார்கள். 3 வருடத்தில் மலக்குடலைக் காப்பாற்றியவர்கள் 59 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக உயர்ந்தார்கள். 3 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி என்றால் 97 சதவீதம்! அதே சமயம், கதிர் கொடுக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து தப்பிக்கும் என்பதும் மேம்பாடுதான். அதற்கு ஆகும் செலவு இரண்டு டம்ளர் தண்ணீர். நோயாளிக்குக் காரணத்தைச் சொல்லிக் குடிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நியூயார்க்கில் சில மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கோப்பும் எம்.ஆர்.ஐயும் செய்வார்கள், இங்கே ஒருமுறை ஊருக்குப் போன நோயாளி திரும்பி வருவாரா? வெட்டாமல் விட்டு, அவர் வராமல் போய், கட்டி வளர்ந்துவிட்டால்? நிஜமான பயம். மருத்துவர்கள் பாதுகாப்பாக எல்லோருக்கும் எல்லாவற்றையும் செய்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்கு விடை நோயாளிக்குத் தேவையில்லாத சிகிச்சையைக் கொடுப்பது அல்ல. அவரைத் திரும்ப வரவைப்பது. ஒரு போன் கால், ஒரு பஸ் பாஸ், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஊழியர். கோடி ரூபாய் மெஷினுக்குப் பக்கத்தில் இதெல்லாம் சில்லறைக் காசு.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை ஐந்து. எம்.ஆர்.ஐயில் கட்டி உறையைத் தொடுகிறதா? பயாப்ஸியில் அந்தப் புரத டெஸ்ட் செய்தாயிற்றா? கதிர் இல்லாமல் முடியுமா, முடியாதென்றால் 5 நாள் முறை பொருந்துமா? கட்டி முழுவதும் மறைந்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா? இனிமேல் குழந்தை வேண்டும் என்றால் முன்னேற்பாடு என்ன?

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சிகிச்சை முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வருபவர்களிடம் அந்த லார்ஸ் படிவத்தின் ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் தாங்களாக வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மூலம் என்று சொல்லி ஒரு வருடம் மறைத்தவர்கள், இதையா சொல்லப் போகிறார்கள்?